முப்பத்தாறில் வந்த மேயர்

வேகப் பலகைகளில் முதல் நாள் காலை 38 என்ற எண் ஒளிர்ந்தபோது, நகரத்தில் பாதிப் பேர் அதை வெயிலின் அளவு என்று நினைத்தார்கள். மீதிப் பேர் எதையும் நினைக்கவில்லை. வழக்கம்போல ஹாரனை அழுத்திக்கொண்டு போனார்கள். ஒருவர் மட்டும் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போன் செய்து, முப்பத்தெட்டாம் நம்பர் பஸ் இனிமேல் இந்த வழியாகத்தான் போகுமா என்று விசாரித்தார்.

பலகைகளை வைத்தவள் அந்த அலுவலகத்தின் சிக்னல் பிரிவுப் பொறியாளர். அங்கே அவளைப் பச்சை மேடம் என்றுதான் சொல்வார்கள். அவள் எழுதும் எந்தக் கடிதத்திலும் பச்சை என்ற சொல் நான்கு தடவையாவது வந்துவிடும் என்பதால் தபால் பிரிவில் யாரோ வைத்த பெயர். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். பிறகு அவளே போனை எடுத்து "பச்சை மேடம் பேசறேன்" என்று சொல்ல ஆரம்பித்ததும் கிண்டல் செத்துப்போய் பெயர் மட்டும் நின்றது.

ரயில் நிலையத்திலிருந்து பெரிய மருத்துவமனை வரை ஆறு கிலோமீட்டர் நேர்ச் சாலை. நடுவில் பதினோரு சிக்னல்கள். அதுவரை ஒவ்வொரு சிக்னலும் தனித்தனி ராஜா. பக்கத்துச் சிக்னல் என்ன செய்கிறது என்று எதற்கும் கவலை கிடையாது. பச்சை மேடம் இரண்டு வருடம் மல்லுக்கட்டிப் பதினொன்றையும் ஒரே கணினியில் கோத்தாள். ஒவ்வொரு சிக்னலையும் தாண்டியதும் ஒரு பலகை. அதில் ஒரு எண். அந்த வேகத்தில் போனால் அடுத்த சிக்னலுக்கு நீங்கள் போய்ச் சேரும் நேரம் அது பச்சையாக இருக்கும். கூட்டத்தைப் பொறுத்து எண் மாறும்: ஒருநேரம் 38, ஒருநேரம் 34. அபராதம் கிடையாது, கட்டாயம் கிடையாது. நல்லதுக்குச் சொல்லும் ஒரு யோசனை, அவ்வளவுதான். நல்லதுக்குச் சொல்லும் யோசனைக்கு மனிதர்கள் என்ன மரியாதை கொடுப்பார்கள் என்பதை அவள் கணினியிடம் கேட்டுவைக்கவில்லை.

மூன்றாவது சிக்னலில் ஒரு மணி நேரம் நின்று எண்ணிப் பார்த்தாள். ஆயிரத்து நூற்று நாற்பது வண்டிகள். பலகை சொன்ன வேகத்தில் போனவை மூன்று. ஒன்று சவ ஊர்தி. இன்னொன்று அதன் பின்னால் போன உறவினர் வேன். மூன்றாவது காரை ஓட்டியவர் போனில் யாரிடமோ திட்டு வாங்கிக்கொண்டிருந்தார்.

"மூணு பேரா?" என்றார் தலைமைப் பொறியாளர். எதைச் சொன்னாலும் ஒத்துக்கொள்வதில் பெயர் வாங்கியவர் அவர். ஒத்துக்கொள்ள முடியாத சமயத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். இப்போது துடைத்தார். "மேயர் வர்ற திங்கட்கிழமை நேர்ல வந்து பாக்கறாராம். அதுக்குள்ள இது சரிப்பட்டு வரலேன்னா பலகையை எல்லாம் அவரோட பிறந்தநாள் வாழ்த்துக்கு எடுத்துக்கலாம்னு அவர் ஆபீஸ்ல பேசிக்கறாங்க."

"சார், நீங்க என் பக்கம்தானே?"

"நான் உங்க பக்கம்தான் மேடம். எல்லார் பக்கமும் நான்தான். அதுதான் இங்க பிரச்சனையே."

வீட்டில் இன்னொரு பிரச்சனை சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தது. அவள் கணவர் அந்தச் சாலையில்தான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். பலகை கண்ணுக்குத் தெரியவில்லை என்று சொல்ல முடியாத தொழில். ஆனாலும் தினமும் எழுபதில் பறந்துபோய், ஒவ்வொரு சிவப்பிலும் பிரேக் போட்டு, ஸ்டியரிங்கைக் குத்தி, சிக்னல் வைத்தவரைத் திட்டிவிட்டு வீட்டுக்கு வருகிறவர். திட்டு வாங்கியவள் எதிரில் உட்கார்ந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள்.

"ஒரு நாள், ஒரே ஒரு நாள், பலகை சொல்றபடி போய்ப் பாருங்களேன். எங்கயும் நிக்காம வந்துடலாம்."

"போலாம். ஆனா முப்பத்தெட்டுல போனா பின்னாடி வர்றவன் என்னைப் பத்தி என்ன நினைப்பான்?"

"அவன் யாருன்னே உங்களுக்குத் தெரியாது."

"அதான். தெரிஞ்சவனா இருந்தா பரவால்ல, நாளைக்குப் பாத்து விளக்கம் சொல்லிக்கலாம். தெரியாதவன் அப்படியே நினைச்சுக்கிட்டுப் போயிடுவான்ல."

அவள் சாப்பிடுவதை நிறுத்தினாள். இரண்டு வருடமாகக் கணினியில் எத்தனையோ போட்டுப் பார்த்தவளுக்கு இது மட்டும் தோன்றியதில்லை. மக்களுக்குப் பலகை புரியாமல் இல்லை. முன்னால் ஒருத்தன் மெதுவாகப் போனால் இவர்களும் போவார்கள். அந்த முதல் ஆளாக இருக்கத்தான் ஒருத்தருக்கும் மனசு வரவில்லை. அப்படியானால் வேண்டியது வெட்கம் விட்டுப்போன ஓட்டுநர்கள். ஊரே ஹாரன் அடித்தாலும் காதில் வாங்காதவர்கள்.

அப்படிப்பட்டவர்களை மொத்தமாக வைத்திருக்கும் ஒரே ஆள் அவளுடைய அக்கா.

அக்கா டிரைவிங் ஸ்கூல் நடத்தினாள். ஒன்பது கார்கள், ஒன்பதுக்கும் கூரைமேல் மஞ்சள் பெட்டி, முன்னும் பின்னும் சிவப்பு எல் எழுத்து. முன்னறையில் சாலைக் குறியீடுகளின் அட்டை, கண் பரிசோதனை அட்டை, மேசையில் திருகி வைத்த பழைய ஸ்டியரிங் ஒன்று. புதிதாகச் சேர்கிறவர்கள் முதல் நாள் அந்த மேசையைத்தான் ஓட்டுவார்கள். பதினேழு வருடம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பிரேக் போட்ட பழக்கத்தில், எதிரில் யாராவது வேகமாகப் பேசினால் நாற்காலியிலேயே அக்காவின் வலது கால் தரையை அழுத்தும்.

இரண்டு மாதமாக அக்கா தங்கையிடம் சரியாகப் பேசவில்லை. ஸ்கூல் வாசல் தெருவைப் பச்சை மேடம் ஒருவழிப் பாதையாக்கிவிட்டாள். அன்றிலிருந்து ஒன்பது கார்களும் ஸ்கூலுக்கு வர ஊரைச் சுற்ற வேண்டியிருந்தது.

"வாங்க மேடம். எதிர்த்திசையில வராம வந்தீங்களா?"

"அக்கா, உன் கார் எல்லாம் எனக்கு வேணும்."

"தெருவைப் பிடுங்கினது போதாதா, இப்ப காரும் வேணுமா பாப்பா?"

நாற்பத்து மூன்று வயதுப் பாப்பா விஷயத்தைச் சொன்னாள். காலையில் கூட்டம் மிகுந்த நேரத்தில் மூன்று வரிசையிலும் ஒரு கார், பக்கத்தில் பக்கத்தில். பலகை சொல்லும் வேகத்தில் போக வேண்டும். முந்தவும் முடியாது, நெருக்கவும் முடியாது. பின்னால் வருகிற மொத்தக் கூட்டமும் தானாக அதே வேகத்துக்கு வந்துவிடும். சொல்லச் சொல்ல அவள் பேச்சு வேகமெடுத்தது. மேசைக்கு அடியில் அக்காவின் கால் தரையை அழுத்தியது.

"இரு இரு. என் பசங்க மெதுவாப் போகணும். அதுக்கு கவர்மென்ட் லெட்டர் தருவே."

"தருவேன்."

"பின்னாடி இருக்கறவன் எவ்வளவு ஹாரன் அடிச்சாலும் மெதுவாத்தான் போகணும்."

"ஆமாக்கா."

அக்கா நாற்காலியில் சாய்ந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியைப் பச்சை மேடம் அக்கா கல்யாணத்தில்கூடப் பார்த்ததில்லை. "பதினேழு வருஷமா இந்த ஊர் எங்களைப் பாத்து ஹாரன் அடிக்குது பாப்பா. ஒவ்வொருத்தன் கண்ணாடியை இறக்கிச் சொன்னதையும் நான் மனசுல எழுதி வச்சிருக்கேன். எப்ப ஆரம்பிக்கலாம்?" பிறகு ஞாபகம் வந்தவளாக, "அந்த ஒருவழியை எடுத்துடுவேதானே?" என்றாள்.

"அது முடியாதுக்கா. அந்த வளைவுல ரெண்டு பேருக்குக் கால் உடைஞ்சிருக்கு."

"தெரியும். சும்மா கேட்டுப் பாத்தேன்."

மறுநாள் காலை எட்டரைக்கு ரயில் நிலையத்திலிருந்து மூன்று எல் கார்கள் அணிவகுத்துக் கிளம்பின. நடுவரிசைக் காரை ஓட்டியவர் ஒரு பல் டாக்டர். ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. ஊரில் பாதிப் பேர் வாயைப் பிளந்து அவர் முன்னால் நடுங்கியவர்கள். ஸ்டியரிங் முன்னால் நடுங்குவது அவர் முறை. நாற்பதைத் தாண்டினால் மூச்சு விடமாட்டார். அதனாலேயே அக்கா அவரைப் பொறுக்கி எடுத்தாள். பச்சை மேடம் பின்னிருக்கையில் நோட்டுடன் உட்கார்ந்தாள்.

பலகை 36 என்றது. டாக்டர் முப்பத்தாறில் போனார். முதல் சிக்னல் வரைக்கும் பின்னால் கேட்ட சத்தம் ஹாரன் என்று சொன்னால் போதாது; ஏதோ பெரிய மிருகத்துக்கு டாக்டரே பல் பிடுங்குவது போல இருந்தது. பஸ் டிரைவர் ஒருவர் தலையை வெளியே நீட்டி மூன்று தலைமுறையை விசாரித்தார்.

"அவர் என்னையா சொல்றாரு?" என்றார் டாக்டர், தலையைத் திருப்பாமல்.

"உங்களை இல்ல டாக்டர். கார்ல இருக்கற எழுத்தைச் சொல்றாரு. நீங்க ரோட்டைப் பாருங்க," என்றாள் அக்கா.

முதல் சிக்னல் அவர்கள் போய்ச் சேரவும் பச்சைக்கு மாறியது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் ஹாரன் கொஞ்சம் குறைந்தது. அடிக்கிறவர்களுக்கே எதற்கு அடிக்கிறோம் என்று சந்தேகம் வந்துவிட்டது. ஏழாவது சிக்னலில் சுத்தமாக நின்றுபோயிற்று. பச்சை மேடம் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தாள். சாலை நிறைய வண்டிகள் ஒரே சீராக, குலுங்காமல், நெருக்காமல் வந்துகொண்டிருந்தன. பஸ் டிரைவர் வாய் மூடியிருந்தது. அவள் நோட்டில் எழுத வேண்டியதை எழுத மறந்துபோனாள்.

பத்து நிமிடம் இருபது செகண்டில் மருத்துவமனை வந்துவிட்டது. முன்பெல்லாம் பத்தொன்பது நிமிடம் ஆகும். டாக்டர் காரை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் இருந்து விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார்.

அந்த வாரம் முழுக்க எல் கார்கள் போயின. நான்காவது நாள் மூன்றுக்குப் பதில் இரண்டு போதுமாக இருந்தது. மூன்றாவது வரிசையில் ஒரு பால் வண்டிக்காரர் தானாகவே வந்து சேர்ந்துகொண்டார். பச்சை மேடத்துக்குத் தூக்கம் வந்தது, பசி வந்தது. திங்கட்கிழமையும் வந்தது.

மேயர் ஏழு வருடமாகப் பதவியில் இருந்தார். அந்த ஏழு வருடத்தில் அவர் ஒரு சிவப்பு விளக்கைக்கூடப் பார்த்ததில்லை என்று பத்திரிகை ஒன்று எழுதிவிட்டது. அவர் கார் வரும்போதெல்லாம் போலீஸ்காரர்கள் சிக்னலைப் பச்சையிலேயே பிடித்துவைப்பார்கள். அந்தச் செய்தி மேயரைச் சுட்டிருந்தது. "இன்னைக்கு எனக்குன்னு எதையும் பிடிச்சு வைக்கக் கூடாது. சைரன் கூடாது. நான் சாதாரண ஆளாத்தான் போவேன்," என்று ரயில் நிலைய வாசலில் நிருபர்களிடம் சொல்லிவிட்டு, சாதாரண ஆள் போல ஒருவர் கதவைத் திறந்துவிட, கறுப்புக் காரில் ஏறினார். பக்கத்தில் பச்சை மேடம். முன்னிருக்கையில் தலைமைப் பொறியாளர்; கண்ணாடியை அப்போதே துடைத்துக்கொண்டிருந்தார்.

மேயரின் டிரைவர் இருபத்தாறு வருட அனுபவசாலி. மூன்று மேயர்களை ஓட்டியவர். இவர்களை வழிநடத்த முன்னால் அக்காவின் கார் போக வேண்டும், இவர் அதன் பின்னால் வர வேண்டும் என்று ஏற்பாடு. எல் எழுத்து ஒட்டிய காருக்குப் பின்னால் போவது அவர் பிறவியில் இல்லாத பழக்கம். கிளம்பிய நூறாவது அடியில் அதைத் தாண்டிவிட்டார். பலகை 36 என்று கெஞ்சியது. முள் அறுபதில் நின்றது.

முதல் சிக்னலில் சிவப்பு.

"கார் ஏன் நிக்குது?" என்றார் மேயர்.

"சிவப்பு சார்."

"எவ்வளவு நேரம்?"

"இன்னும் இருபத்தஞ்சு செகண்ட் சார்."

மேயர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பக்கத்து பைக்கில் இருந்தவர் காதைக் குடைந்துகொண்டிருந்தார். "எல்லாரும் தினம் இப்படித்தான் நிக்கிறாங்களா?"

"ஆமா சார்."

"பேச்சுவார்த்தை எதுவும் கிடையாதா?"

பச்சை விழுந்தது. அவர்கள் கார் உறுமிக்கொண்டு கிளம்பும் அதே நேரத்தில் பக்க வரிசையில் எல் எழுத்துக் கார் நிற்காமலே வந்து, அமைதியாக அவர்களைத் தாண்டிப் போயிற்று. பல் டாக்டர் நேராகப் பார்த்தபடி ஓட்டினார். டிரைவருக்கு அது பொறுக்கவில்லை. அறுபத்தைந்தில் போய் அதைப் பிடித்தார், தாண்டினார், இரண்டாவது சிக்னலில் சிவப்பில் நின்றார். பச்சை விழுந்தது, எல் கார் வழுக்கிக்கொண்டு போனது. மூன்றாவதிலும் அதே கதை. நான்காவதில் மேயர் முன்னால் குனிந்தார்.

"அந்தக் காரை யாருய்யா ஓட்டறது? நாம ஒவ்வொரு தடவையும் முந்தறோம், ஒவ்வொரு தடவையும் அது நம்மளைத் தாண்டிப் போகுது."

"பல் டாக்டர் சார்," என்றாள் பச்சை மேடம். "லைசென்ஸ் இன்னும் வாங்கலை."

"டிரைவர், நீங்க கொஞ்சம் வேகமாப் போங்க."

"சார், வேகமாப் போறதுனாலதான் நிக்கிறோம். பலகை முப்பத்தாறுன்னு சொல்லுது," என்றாள் பச்சை மேடம்.

"என் கார்னு இந்தச் சிக்னலுக்குத் தெரியாதா?"

தலைமைப் பொறியாளர் துடைத்துத் துடைத்துக் கண்ணாடியில் துடைக்க எதுவும் மிச்சமில்லை. பச்சை மேடத்துக்கு இரண்டு வருட உழைப்பும் பிறந்தநாள் வாழ்த்தாகப் போகிற காட்சி கண்முன் வந்தது. எப்படியும் போகத்தான் போகிறது, உண்மையைச் சொல்லிவிட்டே போகட்டும் என்று தோன்றியது.

"தெரியாது சார். அது ஆளைப் பாக்காது. நீங்க எந்த வேகத்துல வர்றீங்கன்னு மட்டும்தான் பாக்கும். நீங்க உங்க காரை விட்டுட்டு அந்தக் கார்ல போனீங்கன்னா எங்கயும் நிக்கமாட்டீங்க."

ஐந்தாவது சிக்னல் சிவப்பில் கார் நின்றது. மேயர் அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கதவைத் திறந்து இறங்கினார். பின்னால் வேனில் வந்த நிருபர்கள் அலறியடித்துக்கொண்டு இறங்க, மேயர் பக்க வரிசையில் போய் நின்று கையை நீட்டினார். பஸ்ஸை நிறுத்துகிறவரைப் போல. வந்துகொண்டிருந்த எல் காரில் அக்காவின் வலது கால் தன் வேலையைச் செய்தது. அந்த வாரத்திலேயே டாக்டரின் கார் சாலை நடுவில் நின்றது அந்த ஒருமுறைதான்.

மேயர் பின்னிருக்கையில் ஏறி, முழங்கால் இரண்டும் மார்பைத் தொட உட்கார்ந்தார். அடுத்து நடந்ததை அக்கா பிறகு நூறு பேரிடம் நூறு மாதிரி சொன்னாள். எல்லாவற்றிலும் பொதுவானது இவ்வளவு: டாக்டர் கண்ணாடியில் பார்த்து, "சார், பின்னாடி கடைவாய்ப் பல்லுல நல்ல சொத்தை இருக்கு, வாயை மூடிக்கோங்க, காத்து பட்டா கூசும்," என்றார். மேயர் மூடிக்கொண்டார். ஆறு சிக்னல்கள், ஆறும் பச்சை. எட்டாவது சிக்னலைத் தாண்டியபோது மேயர் கையால் முழங்காலில் தாளம் போட ஆரம்பித்திருந்தார்.

பச்சை மேடம் இதைப் பார்க்கவில்லை. கறுப்புக் காரில் டிரைவரோடும் தலைமைப் பொறியாளரோடும் அவள் ஆறு சிவப்பிலும் நின்று, மேயர் வந்து நான்கு நிமிடம் கழித்து மருத்துவமனை வாசலுக்கு வந்து சேர்ந்தாள். அதற்குள் மேயர் மைக் முன்னால் நின்றுகொண்டிருந்தார். நிற்காமல் போகும் சாலை தன் நெடுநாள் கனவு என்றும், நகரின் எல்லாச் சாலைகளிலும் இதைக் கொண்டுவரப்போவதாகவும் சொல்லிக்கொண்டிருந்தார். வாயைப் பாதிதான் திறந்து பேசினார்.

"உன் பேரைச் சொல்லலையே பாப்பா," என்றாள் அக்கா, அவள் காதுக்குள்.

"எல்லா ரோட்லயும் வைக்கறேன்னு சொல்லிட்டார்ல. அது போதும்."

"உனக்குப் போதும். எனக்குப் போதாது." அக்கா கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் மைக்குக்குப் பக்கத்தில் நின்று, இதைச் செய்தது என் தங்கச்சி, அதோ நிக்கிறா பாருங்க என்று கையை நீட்டிக் காட்டினாள். நிருபர்கள் திரும்பினார்கள். பச்சை மேடத்துக்கு எந்தக் கண்ணாடியும் இல்லை, துடைக்க. சிவந்துபோய் நின்றாள்.

அடுத்த மாதம் பலகைகளில் ஒரு மாற்றம் வந்தது. ஒவ்வொன்றின் ஓரத்திலும் மேயர் படம் ஏறியது. எண் கொஞ்சம் சின்னதாயிற்று. பச்சை மேடம் ஐந்து கடிதம் எழுதி, படத்தை எண்ணில் பாதி அளவுக்குக் குறைத்தாள். அதற்கு மேல் முடியவில்லை. அவள் கணவர் இப்போது முப்பத்தாறில்தான் போகிறார். ஆனால் தானாகப் போகவில்லை, முன்னால் ஒரு பால் வண்டி மறிக்கிறது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்கிறார்.

ஒரு சனிக்கிழமை காலை அவள் அக்காவின் ஸ்கூலுக்குப் போயிருந்தபோது, முன்னறையில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் கையில் தாளோடு உட்கார்ந்திருந்தார். மேயரின் டிரைவர்.

"என்ன அண்ணே, இந்தப் பக்கம்?" என்றாள்.

அவர் தாளை நீட்டினார். மேயர் அலுவலகத்து உத்தரவு: பத்து நாள் பயிற்சி. "மெதுவா ஓட்டக் கத்துக்கிட்டு வரச் சொல்லியிருக்காங்கம்மா." அவர் குரல் இறங்கியது. "இருபத்தாறு வருஷத்துல லேட்டுன்னுதான் என்னைத் திட்டியிருக்காங்க. வேகம்னு ஒருத்தரும் திட்டினதில்லை. இப்ப எப்படி மாத்திக்கறதுன்னு தெரியலை."

பச்சை மேடத்துக்குச் சிரிப்பு வர வேண்டிய இடம். வரவில்லை. ஏழு வருடமாகப் பச்சையிலேயே ஓட்ட வைத்துவிட்டு, ஒரே நாளில் அந்த மனிதரை ஊர் சிரிக்க நிறுத்தியதில் தனக்கும் பங்கு உண்டு என்று நினைத்தாள். "நானும் கூட வரேன்," என்றாள்.

மூவரும் எல் எழுத்துக் காரில் ஏறினார்கள். அக்கா மேசை ஸ்டியரிங்கில் அவரை உட்கார வைக்கவில்லை. அந்த அளவு மரியாதை அவளுக்கும் இருந்தது. சாலை சேர்ந்ததும் பலகை 34 என்றது. டிரைவர் பல்லைக் கடித்துக்கொண்டு முள்ளை முப்பத்து நான்குக்குக் கொண்டுவந்தார். கழுத்தில் நரம்பு புடைத்தது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, பின்னால் யாரோ நீளமாக ஹாரன் அடித்தார்கள்.

அவர் திடுக்கிட்டுக் கண்ணாடியில் பார்த்தார். "என்னைப் பாத்தா அடிக்கிறான்?"

"ஆமா," என்றாள் அக்கா.

"என்னைப் பாத்து இதுவரைக்கும் யாரும் அடிச்சதில்லைம்மா."

"முதல் தடவை அப்படித்தான் இருக்கும். நாளைக்குப் பழகிடும்."

"இப்ப நான் என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ண வேண்டாம். போய்க்கிட்டே இருங்க."

அவர் போய்க்கொண்டே இருந்தார். அக்காவின் வலது கால் முதல் தடவையாகச் சும்மா இருந்தது.